உப்புச் சாடியின் அடிப்பக்கம்

எந்தப் பாத்திரத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பேன். யார் வீட்டிலாவது தேத்தண்ணி கொடுத்தால், குடித்து முடித்ததும் கோப்பையின் அடியைப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பேன். இந்தப் பழக்கம் எனக்குப் பாரிசில் வந்தது. ஆனால் அதற்கு வேரான பொருள் டிக்கோயாவில், எங்கள் லயத்துக் காம்பராவில், அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் இருந்தது.

அது ஓர் உப்புச் சாடி. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம். தோள்பட்டையில் தேன் நிறம், கீழே போகப் போகச் சாம்பல் கலந்த பழுப்பு. தடவினால் வழவழவென்று இருக்கும். ஆனால் விரலை மெதுவாக நகர்த்தினால் சின்னச் சின்னக் குழிகள் தட்டுப்படும், தோடம்பழத் தோல் மாதிரி. வாய் விளிம்பில் ஒரு சில்லு போயிருந்தது. அப்பாயி அதன்மேல் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்திருப்பார். மலைநாட்டில் உப்பைக் காப்பாற்றுவது லேசான காரியம் இல்லை. ஆனி, ஆடி மழையில் பனிமூட்டம் இஸ்தோப்பைத் தாண்டி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். தகரப் பேணியில் உப்பு வைத்தால் பேணி துருப்பிடிக்கும். சிவப்பு மண்சட்டியில் வைத்தால் சட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்து, பலகை ஊறிவிடும். இந்தச் சாடியில் மட்டும் உள்ளே உப்பு எவ்வளவு நீர்த்தாலும் வெளியே ஒரு கசிவு வந்ததில்லை. "இது கல்லுச் சாடி, தண்ணி குடிக்காது" என்பார் அப்பாயி. அவருக்குத் தெரிந்த மண்ணியல் அவ்வளவுதான். அது முழுக்கச் சரி என்று நான் தெரிந்துகொள்ள முப்பது வருசம் ஆனது.

மண்பானை என்றதும் யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் குளிர்ந்த தண்ணீர் ஞாபகம் வரும். எங்களுக்கு அது வராது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அட்டன் அதைவிடத் தாழ்வு என்றாலும் பீலித் தண்ணியில் விடியக்காலை முகம் கழுவினால் தாடை இறுகிப்போகும். தண்ணீரைக் குளிரவைக்க அங்கே யாருக்கும் பானை தேவைப்படவில்லை. சோறு வடிக்க, கருவாட்டுக் குழம்பு வைக்க, தைப்பொங்கலுக்கு. அவ்வளவுதான் மண்ணின் வேலை. கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் வீதியில், கேகாலைக்குப் பக்கத்தில் மொலகொடையில், சிவப்புச் சட்டிகளை வீதியோரம் அடுக்கியிருப்பார்கள். பஸ் யன்னலில் இருந்து பார்த்தால் ஒரு சுவரே நடந்துவருவது போலிருக்கும். சின்ன வயதில் உலகத்துச் சட்டி எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைத்திருந்தேன். எங்கள் உப்புச் சாடி மட்டும் அந்தச் சுவரில் ஒருநாளும் இருந்ததில்லை.

அந்தச் சாடி எங்களுடையது இல்லை. பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்காவுடையது. எல்லாரும் அவரை மஸ்கெலியாக்காரி என்று கூப்பிடுவார்கள். தோட்டத்தில் கட்டிக்கொண்டு வந்த பெண்களுக்குப் பிறந்த ஊர்தான் பெயர். பொகவந்தலாவைக்காரி, நோர்வூட்காரி, லிந்துலைக்காரி. பெற்றவர்கள் வைத்த பெயர் செக்ரோலில் இருக்கும், ரேசன் அட்டையில் இருக்கும், வாயில் இருக்காது. மஸ்கெலியாக்காரியின் கையெழுத்து எனக்குத் தெரியாது, அவர் கை தெரியும். கொழுந்துச் சாயம் ஏறி விரல் நுனியெல்லாம் கறுத்து, பெருவிரலில் ஒரு வெட்டு மாறாமலே இருக்கும். அந்தக் கையால் பிசைந்த ரொட்டியில் எனக்கு எப்போதும் ஒரு பாதி உண்டு.

1948 இல் வந்த பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது கணக்குப் போட்டுப் பிரித்தார்கள்: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974 இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். நான் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது மஸ்கெலியாக்காரி வீட்டுக்குக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. ரொட்டிக்கு மாவுகூடக் கிடைக்காத காலம் அது. லயத்தில் பட்டினி கிடந்து ஆட்கள் செத்த காலம். போகிறவர்களுக்கு அழுகை, இருக்கிறவர்களுக்கும் அழுகை.

கோச்சிக்குப் போகும் அன்று விடியக்காலை அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். உப்பைக் கொட்டித் துடைத்த சாடி இடுப்பில் இருந்தது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவது போல. உடைகிற சாமான் எதையும் கட்டாதீர்கள், தலைமன்னாரில் கப்பல் ஏற்றும்போதே தூள் தூளாகிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அத்தே, இத வச்சிருங்க. வந்து வாங்கிக்கிறேன்."

"போயிட்டு வா தாயி. ஒன் சாடி இங்கதான் இருக்கும்."

இவ்வளவுதான் பேச்சு. அட்டன் ஸ்டேசனில் கோச்சி கிளம்பியபோது எழுந்த ஒப்பாரியை நான் கேட்கவில்லை, என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அன்று முழுக்க அந்தச் சாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாயி அதில் உடனே உப்புப் போடவில்லை. ஒரு மாதம் வெறுமனே வைத்திருந்தார். பிறகு ஒருநாள் மழைக்கு எங்கள் தகரப் பேணி ஓட்டையாகி, வேறு வழியில்லாமல் போட்டார்.

அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. அங்கே வேறு ஒரு பீங்கான் உலகம் இருந்தது. டீமேக்கர் தேயிலை ருசி பார்க்கும் மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். பல் வெட்டிய வாயும் மூடியும் உள்ள சின்னக் குவளை ஒன்று, அதற்கு முன்னால் கைபிடி இல்லாத கிண்ணம் ஒன்று. அளந்த தூளில் கொதிதண்ணீர் ஊற்றி, ஐந்தாறு நிமிடம் பார்த்து, குவளையைக் கிண்ணத்தில் சாய்த்தால் சாயம் மட்டும் பல்லிடுக்கு வழியாக வடியும். ஊறிய இலையை மூடியைக் கவிழ்த்து அதன்மேல் கொட்டி நிறம் பார்ப்பார்கள். உலகம் முழுக்க இதே முறைதான். 1980 இல் இதற்கு ஒரு சர்வதேசத் தரமே எழுதினார்கள்: நூறு மில்லிலீற்றருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம், பாத்திரம் வெள்ளையாக இருக்க வேண்டும். வெள்ளையில்தானே சாயத்தின் உண்மை தெரியும். வாய் உடைந்த ருசிக்கிண்ணம் ஒன்றை அப்பா ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தங்கச்சி அதில் மண்சோறு ஆக்கி விளையாடினாள்.

அந்த மேசையிலிருந்து பெட்டி ஏறும் தேயிலைக்குத் தோட்டத்தின் மார்க் அடிப்பார்கள். ரகம் அடிப்பார்கள், எடை அடிப்பார்கள். கொழுந்து எடுத்தவள் எங்கேயும் இருக்க மாட்டாள். செக்ரோலில் ஒரு நம்பர், அதற்கு நேரே இத்தனை கிலோ. இதையெல்லாம் அப்போது நான் யோசிக்கவில்லை. பாரிசில், ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த வருசங்களில் யோசித்தேன்.

கோப்பை கழுவுகிறவனுக்குப் பீங்கானைப் பற்றித் தெரியும். எது லேசு, எது கனம், எதன் ஓரம் சீக்கிரம் போகும், எதில் கறை ஏறும் என்பதெல்லாம் கைக்கே தெரிந்துவிடும். ஞாயிறு லீவு. லாச்சப்பலில் நம்மாட்கள் கடைகளில் மரக்கறி வாங்கிவிட்டு, அங்கிருந்து வடக்கே நடந்தால் கிளிஞாங்கூர் பக்கம் பழைய சாமான் சந்தை. பெரிய கடைகளுக்குள் நான் போனதில்லை. வெளியே நடைபாதையில் துணி விரித்து வைத்திருப்பவர்களிடம்தான் நிற்பேன். பிறகு புறநகர்களில் வீட்டுப் பரண் சாமானை வீதியில் விற்கும் ஞாயிறுகளைத் தேடிப் போகத் தொடங்கினேன். அப்படி ஒரு காலையில், இருட்டு விலகாத நேரத்தில், ஒரு வயதான அம்மாவின் மேசையில் அந்தத் தேன் நிறத்தைப் பார்த்தேன்.

அது ஒரு தண்ணீர்க்கூசா. மூடியில்லை. அடியில் சாம்பல் நிறம், தோளில் நெருப்புப் பட்ட இடம் செம்பழுப்பு. தொட்டதும் கை டிக்கோயாவுக்குப் போய்விட்டது. அந்த அம்மா கூசாவை என் கையிலிருந்து வாங்கி, கவிழ்த்து, அடியைக் காட்டினார். ஈரமண்ணில் குச்சியால் கீறிய எழுத்து: லா போர்ன். பக்கத்தில் ஒரு பெயரின் முதலெழுத்துகள். செய்தவர் பெயர் இது என்றார். பத்து யூரோ கேட்டார், கொடுத்தேன். வீட்டுக்கு வரும்வரை அந்த எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு சட்டி செய்தவருக்குப் பெயர் உண்டு என்பது, அன்றைக்கு எனக்கு, பெரிய செய்தி.

லா போர்ன் பிரான்சின் நடுப்பகுதியில், பூர்ஷ் நகருக்கு வடக்கே உள்ள குயவர் கிராமம். காட்டு விறகும் கடுஞ்சூட்டைத் தாங்கும் களிமண்ணும் பக்கத்திலேயே இருந்ததால் பல நூறு வருசமாக அங்கே சூளை எரிந்தது. உப்புச் சாடி, எண்ணெய்ச் சாடி, பால் பானை என்று குடியானவன் வீட்டுக்கு வேண்டியதெல்லாம் செய்தார்கள். கண்ணாடியும் தகரமும் தொழிற்சாலைப் பீங்கானும் வந்ததும் அந்தத் தொழில் விழத் தொடங்கியது. சூளைகள் ஒன்றொன்றாக அணைந்துகொண்டிருந்த 1940களில், உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, சிற்பம் படித்தவர்கள் சிலர் அந்தக் கிராமத்துக்கு வந்தார்கள். ழான் லெரா வந்தார், பிறகு அவருடைய மனைவி ழக்லீன் லெரா. போர் முடிந்ததும் பல்கேரியாவில் பிறந்த வசில் இவானோஃப். 1940களின் கடைசியில் எலிசபெத் ழூலியா. மிஞ்சியிருந்த கிழக் குயவர்களிடம் மண்ணையும் நெருப்பையும் படித்தார்கள். பிறகு யாரும் தண்ணீர் ஊற்றிவைக்க முடியாத உருவங்களையும், தினம் சோறு போட்டுச் சாப்பிடக்கூடிய தட்டுகளையும் ஒரே சூளையில் வைத்து எரித்தார்கள். இன்றைக்கு உலகமெங்கும் ஆட்கள் தேடித் தேடிச் சேர்க்கும் பிரெஞ்சுக் கைவினை மட்பாண்டம் என்பதில் ஒரு பெரிய பங்கு இந்தச் சின்னக் கிராமத்தின் சாம்பலில் இருந்து வந்தது.

ஒரு கோடை லீவில் அங்கே போனேன். பழைய பெரிய சூளையைக் கட்டிக் காத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே குனிந்து பார்த்தால் சுவர் முழுக்கக் கண்ணாடி உருகி வழிந்த மாதிரி பச்சையும் பழுப்புமாக இருக்கும். விறகுச் சாம்பல் பறந்து போய் மண்ணில் ஒட்டி உருகியது அது. அங்கேதான் தோடம்பழத் தோலின் காரணமும் தெரிந்தது. ஆயிரத்து இருநூறு பாகைக்கு மேல் சூடேறிய சூளைக்குள் உப்பை அள்ளிப் போடுவார்களாம். உப்பு ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணின் மணற்சத்தோடு சேர்ந்து, பாத்திரத்தின் மேலேயே கண்ணாடித் தோல் போர்த்திவிடும். அந்தத் தோல்தான் குழிகுழியாக இருக்கும். அந்தச் சூட்டில் மண்ணும் இறுகிக் கல்லாகிவிடும், தண்ணீர் குடிக்காது. மொலகொடைச் சட்டி அவ்வளவு சூட்டைப் பார்ப்பதில்லை, அதனால் அது குடிக்கும்.

அப்பாயியின் சாடியை உப்புத்தான் சுட்டிருக்கிறது. உப்பு வைக்கவே உப்பால் ஆனது. இந்த வகைச் சாடிகளை ஆங்கிலேயர் ஊரிலும் ஏராளமாகச் செய்தார்கள். ஏதோ ஒரு தொரை பங்களாவுக்கு ஊறுகாயோ வேறு எதுவோ நிரப்பிக் கப்பலில் வந்து, காலியானதும் பின்கதவு வழியாக லயத்துக்கு இறங்கியிருக்க வேண்டும் என்று அன்றைக்கு அந்தச் சூளை வாசலில் நின்று எனக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். இன்றுவரை அதை மாற்றவில்லை.

சேர்க்கத் தொடங்கினேன். பிக்காசோ பக்கம் போக நம்மால் முடியாது. 1946 இல் தெற்கே வலோரிஸ் ஊரில் சுசான், ஜோர்ஜ் ராமியே தம்பதியின் மதூரா பட்டறையைப் பார்க்கப்போன மனிதர், மறுவருசத்திலிருந்து அங்கேயே உட்கார்ந்து மண்ணில் கைவைத்தார். அங்கே பல பிரதிகளாக வெளியான அவருடைய வடிவங்களே 633. அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. மட்பாண்டக் கலைஞர் ஜோர்ஜ் ழூவின் கறுப்புச் சாடிகளும் அப்படித்தான், பார்க்க மட்டும். என் கைக்கு எட்டியது அக்கோலே. 1945 இல் சில இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய பட்டறை அது. பாரிசிலிருந்து தெற்கே போகும் ஆறாம் நம்பர் நெடுஞ்சாலையோரம், கோடைக்குக் கடற்கரை போகிறவர்கள் காரை நிறுத்தும் இடங்களில் அடுக்கி வைத்து விற்றார்கள். இதைக் கேட்டதும் எனக்கு மொலகொடை வந்து நின்றது. வீதியோரம் விற்றது என்பதால் ஒரு காலத்தில் மதிப்பில்லாமல் இருந்து, பிறகு மதிப்பு வந்ததும் அடியில் உள்ள கையெழுத்தைத் தேடி ஆட்கள் வந்தார்கள். மொலகொடையில் சக்கரம் சுற்றியவர்களின் பெயரை யார் தேடி வரப்போகிறார்கள்?

நாமும் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற சனம்தான். அட்டன் பசாரில் பாத்திரக் கடை வாசலில் ஒருவர் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து டொக் டொக்கென்று புள்ளி புள்ளியாக வெட்டிக்கொடுப்பார். கல்யாணச் சீர்க் குடம், பிள்ளைக்குக் காது குத்திய அன்று வந்த செம்பு, தாய்மாமன் கொடுத்த தட்டு. எங்கள் அம்மாவின் குடத்தில் அம்மாவின் அண்ணன் பெயர் இன்றும் படிக்கக்கூடியதாக இருக்கிறது. கவனித்துப் பாருங்கள், அது செய்தவர் பெயர் இல்லை. கொடுத்தவர் பெயர், இல்லையென்றால் வைத்திருப்பவர் பெயர். பிரான்சில் கையைப் பதிந்தார்கள், நாம் உறவைப் பதிந்தோம். இரண்டுமே எனக்கு வேண்டும். ஆனால் பித்தளையிலும் சில்வரிலும்தான் வெட்ட முடியும். மண்ணில் உளியை வைத்தால் உடைந்துவிடும். அதனால் மண்ணில் கொடுத்ததும் வாங்கியதும் வாய்ப்பேச்சோடு நின்றுவிட்டது.

அப்பாயி இறந்தபோது நான் பாரிசில் இருந்தேன், வர முடியவில்லை. சாடியை என் கூடப்பிறந்த அக்கா எடுத்து வைத்திருந்தார். நான் ஊருக்கே திரும்பி வந்தபோது என்னோடு 23 பிரெஞ்சுச் சாடிகளும் கூசாக்களும் வந்தன, பழைய கம்பளிச் சட்டைகளில் சுற்றி, மரப்பெட்டியில், கடல்வழியாக. இரண்டு உடைந்தன. அக்கா என் பெட்டியை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய் உப்புச் சாடியைக் கொண்டுவந்து அவற்றோடு வைத்தார். "இதுங்கள்லாம் இதுக்கு ஒறவு மாதிரி இருக்குடா" என்றார். நான் அதைக் கையில் எடுத்துக் கவிழ்த்தேன். வெறும் மண். பூச்சில்லாத, சொரசொரப்பான, ஒரு கீறல்கூட இல்லாத அடி. முத்திரையும் இல்லை, பெயரும் இல்லை.

"மஸ்கெலியாக்காரி பேரு என்னக்கா?"

அக்கா யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். "மஸ்கெலியாக்காரிதாண்டா" என்றார்.

மஸ்கெலியாவும் இப்போது அந்த மஸ்கெலியா இல்லை. 1969 இல் மவுசாக்கலை அணை கட்டி முடிந்தபோது பழைய டவுன் தண்ணீருக்குள் போய்விட்டது. இன்றைக்குள்ள டவுன் மேட்டில் புதிதாகக் கட்டியது. கடும் வரட்சி வருகிற வருசங்களில் தண்ணீர் இறங்கும், பழைய கோயிலின் மிச்சம் சேற்றிலிருந்து எழுந்து நிற்கும், சனம் கும்பிடப் போகும். அப்படி ஒரு வரட்சியில் நானும் போனேன். வெடித்த சேற்றில் கால் வைக்குமிடமெல்லாம் ஓடு. சிவப்புச் சட்டி ஓடு, நீலக்கோடு போட்ட பீங்கான் ஓடு, போத்தல் அடி. ஒரு இடத்தில் கோப்பையின் காது மட்டும் கிடந்தது. வளையம் முழுசாக, கோப்பை இல்லாமல். ஏதோ ஒரு தேத்தண்ணிக் கடையில் ஆயிரம் விரல் நுழைந்த காது. கழுவி எடுத்துவந்தேன். இடமும் தேதியும் எழுதிய துண்டை அதில் கட்டிவைத்திருக்கிறேன். அந்தப் பெண் வயதுக்கு வந்ததும் நடந்து திரிந்ததும் அந்தச் சேற்றுக்கு மேலேதான்.

கண்டி அந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. இயந்திரங்களும் தொரைமாரின் சாமான்களும் பார்க்கலாம், பார்க்க வேண்டியதுதான். கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். அங்கே போனால் நம் வீட்டுச் சாமானை நாமே பார்க்கலாம். உரலும் கூடையும் கருப்பட்டிப் பேணியும் விளக்கும். அதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் ஒரு கட்டடத்தால் அத்தனை லயத்தையும் காக்க முடியாது. ஒவ்வொரு போகிக்கும் எத்தனை பழைய சட்டி வெளியே போகிறது. தனிவீடு கட்டிப் போகிறவர்கள் காம்பராவை ஒழிக்கும்போது எத்தனை சாடி பீலிக்கரையில் கிடக்கிறது. வைத்திருங்கள் என்று மட்டும் கேட்கவில்லை. ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அடியில் ஒட்டுங்கள்: எந்தத் தோட்டம், எந்த லயம், யார் வைத்திருந்தது, யார் கொடுத்தது. வீட்டில் வயதான அப்பாயியோ அம்மாயியோ இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். ஆளுக்குப் பதில் ஊர்ப் பெயரை எழுதாதீர்கள். ஆளின் பெயரைக் கேட்டு எழுதுங்கள்.

எங்கள் சாடியின் அடியிலும் ஒட்டியிருக்கிறேன். "டிக்கோயா. 1974. பக்கத்துக் காம்பரா அக்கா கொடுத்தது." பெயருக்கு ஒரு வரி வெறுமனே விட்டிருக்கிறேன். தாயகம் திரும்பியவர்களுக்கென்றே 1968 இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டது. நம்மாட்கள் நிறையப் பேர் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம்தான் போனார்கள். அங்கேயோ வேறெங்கேயோ இருந்து இதைப் படிக்கிறவர்கள், உங்கள் வீட்டில் மஸ்கெலியாவில் பிறந்து டிக்கோயாவுக்குக் கட்டிக்கொடுத்த ஒரு பெண், வரும்போது கல்லுச் சாடி ஒன்றைப் பக்கத்து வீட்டில் விட்டுவந்த கதையை எப்போதாவது சொல்லியிருந்தால், அவர் பெயரைச் சொல்லுங்கள். வாயில் ஒரு சில்லு போயிருக்கிறது, அது அவர் கொடுக்கும்போதே போயிருந்தது. மற்றபடி சாடி நன்றாக இருக்கிறது. அட்டனில் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளலாம்.